குப்பிச் சீட்டில் ‘மனித’ என்ற சொல்

தெர்மாகோல் பெட்டியை வெட்டித் திறந்தபோது உலர்பனி ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. சுங்கத்தில் நான்கு நாள் தேங்கிய பெட்டி. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாதிச் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குப்பியின் கூர்முனையில் ஒரு துளி தெரிந்தது. அதில் இருந்த புரதம் மொத்தம் 10 மைக்ரோகிராம். பொடியுப்பில் ஒரு மணி அதைவிடக் கனமாக இருக்கும். ஆய்வு மாணவனாக அப்போது நான் வாங்கிய உதவித்தொகையில் இரண்டு மாதத் தொகை அதன் விலை. குப்பியைச் சுற்றி ஒட்டியிருந்த சீட்டில் மூன்றே செய்திகள்: இதயத்தசை மயோசின். மனித, ரீகாம்பினன்ட். ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்.

“நாளைக்கே ஓட்டிப் பார்த்துடலாமா அக்கா?” என்று கேட்டேன். ஆய்வகத்தில் எனக்கு மூன்றாண்டு மூத்தவர் அவர். குப்பியைக் கையில் வாங்கவே இல்லை.

“முதல்ல கூட வந்த தாளைப் படிச்சுட்டு வா. எதுல செஞ்சாங்க, எந்தத் துண்டு, சரியா மடிஞ்சிருக்கா, இந்த மூணையும் பாரு.”

தாளில் எல்லாம் இருந்தது. மயோசினின் கனச்சங்கிலி 1,935 அமினோ அமிலங்கள் கொண்டது. குப்பியில் இருந்ததோ அதில் நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட ஒரு துண்டு. அதைச் செய்தது உயிருள்ள செல்லில்கூட அல்ல, கோதுமை முளையிலிருந்து எடுத்த சாற்றில். எதிர்ப்பொருள் சோதனைக்கு அது உதவும், செயல்திறன் சோதிக்கப்படவில்லை. விற்பனைப் பட்டியலில் பெயர் மட்டும் முழுப் புரதத்தின் பெயராக இருந்ததால் நாங்கள் அதை வாங்கியிருந்தோம். மூன்று மாதத் திட்டம் அன்று மாலையே முடிந்துபோனது.

சீட்டு பொய் சொல்லவில்லை. அமினோ அமிலங்களின் வரிசை மனித மரபணுவிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆனால் இதயத்தில் மயோசினுக்கு உள்ள வேலை இழுப்பது. இழுக்க முடியாத ஒரு துண்டை மனித மயோசின் என்று எந்தப் பொருளில் அழைப்பது? என் ஏமாற்றம் சின்னது. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது, பழையது. இதயநோய் ஆய்வை இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்த கேள்வி அது. உண்மையிலேயே வேலை செய்கிற மனித இதய மயோசினை ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான், பரம்பரையாக வரும் ஓர் இதயநோய் மூலக்கூறு அளவில் எப்படித் தொடங்குகிறது என்பதே துலங்கியது.

நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் ஒன்றையொன்று உரசிச் சறுக்குகின்றன. தடித்த இழை மயோசினால் ஆனது, மெல்லியது ஆக்டினால் ஆனது. மயோசின் என்ற பெயரை 1864இல் தந்தவர் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே. 1940களில் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புரூனோ ஸ்ட்ராப் ஆக்டினைத் தனியே பிரித்தெடுத்தார். இரண்டும் சேர்ந்த நூலின்மேல், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் கரைசலை விட்டதும் நூல் தானாகச் சுருங்கியது. உடலுக்கு வெளியே, வெறும் புரதத்தில், தசையின் அசைவு தெரிந்தது. இழைகள் தாம் சுருங்குவதில்லை, ஒன்றன் ஊடே ஒன்று சறுக்குகின்றன என்பதை 1954இல் உறவுமுறை ஏதுமில்லாத இரண்டு ஹக்ஸ்லிகள், ஆண்ட்ரூவும் ஹியூவும், தனித்தனிக் குழுக்களாகக் கண்டுசொன்னார்கள்.

தடித்த இழை ஒன்றில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். தலை ஆக்டினைப் பிடிக்கிறது, கழுத்தை மடக்கி ஓர் இழுப்பு இழுக்கிறது, பிறகு விடுகிறது. பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. வந்து ஒட்டியாக வேண்டும். ஏ.டி.பி. தீர்ந்துவிட்டால் தலை பிடித்த பிடியிலேயே நின்றுவிடும். இறந்த உடல் விறைப்பது இதனால்தான். ஓர் இழுப்பின் தூரம் சில நானோமீட்டர், விசை சில பிக்கோநியூட்டன். அதை அளக்கவும் முடிந்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் கூட்டாளிகளும், லேசர் ஒளியால் நுண்மணிகளைப் பிடித்து நிறுத்தி, ஒற்றை மயோசின் மூலக்கூறின் இழுப்பை அளந்துகாட்டினார்கள்.

அளந்தது முயல் தசை மயோசினை. அளக்கும் கருவி தயாராக இருந்தும், அதில் வைக்க மனித இதய மயோசின் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்கலாம். மாற்று அறுவைச் சிகிச்சையில் அகற்றிய இதயங்கள் கிடைக்கின்றனவே? கிடைக்கின்றன. ஆனால் அவை ஆண்டுக்கணக்காக நோயிலும் மருந்திலும் ஊறிய இதயங்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பரம்பரை இதயநோய் உள்ளவரிடம் பெரும்பாலும் ஒரு மரபணுப் படி பழுதாகவும் மற்றது நல்லதாகவும் இருக்கும். அவர் இதயத்திலிருந்து மயோசினைப் பிரித்தால் நல்லதும் பழுதும் கலந்தே வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் அமினோ அமில எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறிய மூலக்கூறை மாறாததிலிருந்து பொறுக்கி எடுப்பது ஆகாத காரியம். ஆகவே எடுக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

செய்யும் வழி, குப்பிச் சீட்டு ‘ரீகாம்பினன்ட்’ என்று சொன்ன அதே வழி, 1973இலேயே திறந்துவிட்டது. ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னோர் உயிரின் டி.என்.ஏ.வில் ஒட்டலாம் என்று ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் காட்டினார்கள். 1978இல் ஈ.கோலி பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்தது. 1982இல் அது மருந்தாகவே வந்துவிட்டது. தசைப் புரதங்களிலும் பல இந்த வழிக்கு இணங்கின. இதயம் எப்போது இழுக்க வேண்டும் என்று கட்டளை சொல்லும் ட்ரோபோனினின் மூன்று உறுப்புகளையும் பாக்டீரியாவில் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒன்றுசேர்த்தால் அவை இதயத்தில் செய்யும் வேலையைக் குழாயிலும் செய்கின்றன.

மயோசின் இணங்கவில்லை. பாக்டீரியா அதன் சங்கிலியை எழுத்து பிசகாமல் கோத்துத் தந்தது. ஆனால் கோத்தது மடியவில்லை, திரண்டு கட்டியாகி ஒதுங்கியது. பூச்சியின் செல்களில் முயன்றார்கள். குடல் தசை, இரத்தக்குழாய்த் தசை இவற்றின் மயோசின் அங்கே நன்றாகவே வந்தது. எலும்புத்தசை, இதயத்தசை மயோசின் மட்டும் வரவில்லை.

நம் வீடுகளில் ஒரே அளவில் ஒரே சாமான் போட்டும் அம்மா வைக்கும் குழம்பு நமக்கு வருவதில்லை. அதைக் கைப்பக்குவம் என்கிறோம். தசைச் செல்லுக்கும் அப்படி ஒரு கைப்பக்குவம் உண்டு. புதிதாகப் பிறந்த மயோசின் தலையைத் தாங்கிப் பிடித்துச் சரியாக மடிய வைக்கத் துணைப் புரதங்கள் அங்கே காத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது அன்க்-45. நெளியத் தடுமாறும் நூற்புழுக்களை ஆராயப்போய் அடையாளம் கண்ட புரதம் அது. அதன் தசைக்கே உரிய வடிவம் தசைச் செல்லில்தான் தாராளமாக இருக்கிறது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். அதற்கு இந்தத் தாங்கல் தேவையில்லை. மயோசினுக்குப் பிரசவம் பார்க்கத் தசையேதான் வேண்டும்.

இது புரிவதற்கு முன்பே நோய் கதவைத் தட்டிவிட்டது.

இதயத்தசைத் தடிப்பு நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. இடது கீழறையின் சுவர் வெளிப்படையான காரணமின்றித் தடிக்கும். பலருக்கு வாழ்நாள் முழுதும் தொந்தரவே இராது. சிலருக்கு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, படபடப்பு. மிகச் சிலருக்கு, அதுவும் இளம் வயதில், விளையாட்டுத் திடலில், முதல் அறிகுறியே மரணமாக இருந்துவிடுகிறது. மைதானத்தில் சரிந்து விழுந்த பையனைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோய்தான் நினைவுக்கு வரும். இதைத் தனி நோயாக விவரித்தவர் லண்டன் நோய்க்கூறியலாளர் டொனால்ட் டியர், 1958இல்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோயைச் சுமந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து, 1990இல் ஹார்வர்டின் கிறிஸ்டீன் செய்ட்மன், ஜோனதன் செய்ட்மன் தம்பதியின் குழு ஒற்றைக் காரணத்தைச் சுட்டியது. பீட்டா வகை இதய மயோசினில் 403ஆம் இடத்தில் ஆர்ஜினைன் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் நோயுற்றவர்களிடம் குளூட்டமைன் இருந்தது. ஆய்வாளர்கள் இதை ஆர்403கியூ என்று குறிப்பார்கள். இழுக்கிற எந்திரத்திலேயே பழுது என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

அடுத்த கேள்வி எளிமையாகத் தெரிந்தது. இந்தப் பழுது மயோசினை வலுவாக்குகிறதா, பலவீனமாக்குகிறதா? இதன் விடையைப் பொறுத்து மருந்தின் திசையே மாறும். வலுக்கூடினால் அடக்க வேண்டும், குறைந்தால் தூண்ட வேண்டும். திசை தவறினால் மருந்தே கேடு செய்யும்.

1996இல் அதே மாற்றத்தை எலியில் புகுத்தினார்கள். எலிக்கும் நோய் வந்தது. அதன் இதயத்திலிருந்து எடுத்த மயோசின் ஆக்டினை இயல்பைவிட வேகமாக நகர்த்தியது. வலுக்கூடுகிறது என்றது ஒரு தரப்பு. நோயாளிகளின் தசைத் துணுக்கிலிருந்து எடுத்த மயோசினையும் பிற ஆய்வக மாதிரிகளையும் சோதித்தவர்களில் வேறு சிலர் குறைகிறது என்றார்கள். ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக வந்தன. எல்லாருமே கவனமாகத்தான் வேலை செய்தார்கள்.

முரண்பாட்டின் வேர் எலியிலேயே இருந்தது. நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கிற இதயம் அதற்கு. அந்த ஓட்டத்துக்கு ஏற்ப அதன் கீழறைகளில் இருப்பது வேகமான ஆல்ஃபா மயோசின். நம் கீழறைகளில் இருப்பது பெரும்பாலும் நிதானமான பீட்டா. இரண்டின் எழுத்து வரிசையும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்துப்போகும். மீதமுள்ள வேறுபாடு போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் லோவியின் குழு 2008இல் இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. அதே ஆர்403கியூ மாற்றம், ஆல்ஃபா மயோசினில் இருந்தால் ஒரு விளைவு. பீட்டாவில் இருந்தால் வேறு விளைவு. எழுத்துப் பிழை ஒன்றேதான், ஆனால் அது எந்த வாக்கியத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நாம் எலியின் நோயை அளந்துகொண்டிருந்தோமோ என்ற ஐயம் வந்தது.

எலி ஆய்வுகள் வீண் என்று நான் சொல்லவில்லை. நோய் இதயம் முழுவதிலும் எப்படிப் பரவுகிறது, சுவர் எப்படித் தடிக்கிறது, நார்த்திசு எப்படிப் பெருகுகிறது என்பதை எலிதான் காட்டியது. எலியால் சொல்ல முடியாதது மனித எந்திரத்தின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு வழிவிட்டதும், வேடிக்கைபோலத் தோன்றினாலும், ஓர் எலியின் தசைதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் 1977இல் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்சலும், காயப்படுத்திய எலித் தொடைத் தசையிலிருந்து ஒரு செல் வரிசையைப் பிரித்து வளர்த்தார்கள். காயம்பட்ட தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள முனையும்போது அதன் மூலச் செல்கள் விழித்துப் பெருகும். அந்தத் தருணத்தில் எடுத்தவை அவை. அவற்றிலிருந்து பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவ் பிரித்தெடுத்த கிளைதான் சி2சி12. உலகெங்கும் தசை ஆய்வகங்களில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தட்டில் அவற்றை வளர்ப்பதைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு ஊடகத்தின் அடியில், நுண்ணோக்கியில், முதல் நாள் நட்சத்திரம்போலச் சிதறிக் கிடக்கும். தட்டு நிறைந்ததும் ஊட்டத்தைக் குறைத்து, குதிரைச் சீரம் மட்டும் சிறிதளவு கலந்த ஊடகத்துக்கு மாற்றுவார்கள். பசி வந்ததும் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும். ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் படுக்கும், பிறகு சவ்வு கரைந்து ஒன்றாகிவிடும். இரண்டு மூன்று நாளில் ஒரே தோலுக்குள் வரிசையாகப் பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழல்கள் தெரியும். சில தட்டுகளில் அந்தக் குழல்கள் தாமாகவே துடிக்கும். முதன்முறை அதைப் பார்த்த அன்று நான் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவே இல்லை.

நியூஜெர்சியில் டொனால்ட் விங்கல்மனின் ஆய்வகம் இந்தக் குழல்களையே மயோசின் பட்டறையாக மாற்றியது. மயோசின் தலையின் மரபணுவை, நோய் பரப்ப முடியாதபடி முடக்கிய அடினோவைரஸ் ஒன்றில் ஏற்றி, அதைத் தசைக் குழல்களுக்குள் புகுத்தினார்கள். உள்ளே அன்க்-45 உள்ளிட்ட துணைகள் தயாராக இருந்ததால், மற்ற இடங்களில் கட்டியாகிப்போன தலை இங்கே மடிந்து நிமிர்ந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லெயின்வாண்ட் குழுவும் ஸ்புடிச் குழுவும் இதே வழியில் மனித மயோசின் வகைகளைச் செய்யத் தொடங்கின. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனித பீட்டா இதய மயோசின் முதன்முறையாக வேலை செய்யும் நிலையில் ஆய்வாளர்களின் குழாய்க்குள் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். செய்பவருக்கு அது வாரக்கணக்கான வேலை. வைரஸ் புகுந்து நாலைந்து நாள் கழித்துத் தட்டுகளைச் சுரண்டி எடுத்து, செல்லை உடைத்து, கலங்கலை வேகமாகச் சுழற்றித் தெளிவிக்க வேண்டும். அதில் இருப்பது ஆயிரக்கணக்கான புரதங்கள். நமக்கு வேண்டியதில் மட்டும் ஓர் அடையாளக் கொக்கியை முன்பே மரபணுவில் பின்னியிருப்பார்கள். கலவையை ஊற்றும் குழாய்ப் பத்தியில் உள்ள பிசின் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை வழிந்து போகும்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. மயோசின் தலையின் கழுத்தைச் சிறிய இலேசுச் சங்கிலிகள் அணைத்திருக்கும். கனச்சங்கிலி மனிதனுடையது என்றாலும், பிறந்த இடம் எலிச் செல் ஆகையால், எலியின் இலேசுச் சங்கிலி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். சீட்டில் ‘மனித’ என்று எழுதலாம்; உள்ளே பாதி எலி. இதைத் தவிர்க்க மனித இலேசுச் சங்கிலியின் மரபணுவையும் கூடவே புகுத்தி, கொக்கியை அதில் மாட்டினார்கள். கொக்கியைப் பிடித்து இழுத்தால் மனிதச் சங்கிலி அணைத்த தலைகள் மட்டும் வரும். அன்று அக்கா கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளோடு நான்காவதாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: கூட யார் வந்திருக்கிறார்கள்?

தூய்மையாக்கிய பிறகும் ஒரு களையெடுப்பு இருக்கிறது. தயாரித்த தலைகளில் சில பழுதாகிப்போயிருக்கும். அவை ஆக்டினைப் பிடிக்கும், ஏ.டி.பி. கொடுத்தாலும் விடாது. ஆய்வகப் பேச்சில் அவற்றுக்குச் செத்த தலைகள் என்று பெயர். நூறில் ஐந்து செத்திருந்தாலும் அளவு முழுவதும் கெட்டுவிடும். ஓடும் தேரின் சக்கரத்தில் நாலு பேர் தொங்குவதுபோல. ஆகவே எல்லாத் தலைகளையும் ஆக்டினோடும் ஏ.டி.பி.யோடும் கலந்து அதிவேகமாகச் சுழற்றுவார்கள். பிடியை விடாதவை ஆக்டினோடு அடியில் படிந்துவிடும். மேலே நிற்பவை உயிருள்ளவை. பெரிய தட்டுகள் பலவற்றிலிருந்து இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது மில்லிகிராம் கணக்கே. சில வாரம் அதுவும் இல்லை.

பிறகு வருவது நான் மிகவும் நேசிக்கும் சோதனை. கண்ணாடிச் சில்லின்மேல் மயோசின் தலைகளைப் பரப்பி ஒட்டவைக்கிறோம். அதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் இழைகளை விடுகிறோம். சாயத்தை இழையோடு பிணைக்க உதவும் ஃபலாய்டின் என்ற பொருள், ஆளையே கொல்லும் ஒரு விஷக் காளானிலிருந்து வருவது. இருட்டறையில், நுண்ணோக்கியின் கீழ், கரும்புலத்தில் செந்நிறப் புழுக்கள்போல இழைகள் அசையாமல் கிடக்கும். ஏ.டி.பி. உள்ளே பாய்ந்த கணம் எல்லாமே கிளம்பிவிடும். வளைந்து, நெளிந்து, ஒன்றையொன்று தாண்டி, வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஊர்ந்துபோகும். காலடியில் ஆயிரக்கணக்கான மனித இதய மயோசின் தலைகள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு மனிதரிடமிருந்தும் ஒரு துளி இரத்தம்கூட எடுக்காமல் அவர் இதயத்தின் இயக்கத்தைப் பார்க்கிறோம் என்பதை எத்தனை முறை எண்ணினாலும் மனம் நெகிழும்.

இப்போது பழைய கேள்வியைக் கேட்க முடிந்தது. பழுதான மயோசின் வலுவானதா, பலவீனமானதா?

விடை எவரும் எதிர்பார்த்த வடிவில் வரவில்லை. ஸ்புடிச் குழு 2013இல் ஆர்453சி என்ற இன்னொரு கடுமையான மாற்றத்தை அளந்தது. தலை ஒன்றின் விசை சுமார் பாதி மடங்கு கூடியிருந்தது, வேகம் குறைந்திருந்தது. 2015இல், கியூபெக் குடும்பத்தின் ஆர்403கியூவை அளந்தார்கள். அதன் விசை கூடவில்லை. ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே நோய், ஒரே புரதம், எதிரெதிரான அளவுகள். ஆனால் நோயாளியின் இதயமோ இரண்டிலும் தேவைக்கு மீறி இறுகுகிறது. கால் நூற்றாண்டு தேடிக் கிடைத்த மனிதப் புரதமும் கைவிரித்துவிட்டதா?

கைவிரிக்கவில்லை. நாம் கேட்ட கேள்வியில்தான் குறை. ஒவ்வொரு தலையும் எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டோம். எத்தனை தலைகள் இழுக்க வருகின்றன என்று கேட்கவில்லை.

எல்லாத் தலைகளும் எப்போதும் வேலைக்கு நிற்பதில்லை. 2005இல் டரான்டுலா என்னும் பெரிய சிலந்தியின் தசையை மின்நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், மயோசினின் இரண்டு தலைகளும் பின்னோக்கி மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தம் வால்மேலேயே படுத்திருப்பதைக் கண்டார்கள். 2010இல் கலிஃபோர்னியாவில் ரோஜர் குக் குழு, தளர்ந்த தசையில் ஒரு பகுதித் தலைகள் ஏ.டி.பி.யை மற்றவற்றைவிடப் பல மடங்கு மெதுவாகச் செலவிடுவதைக் காட்டியது. ஆழ்ந்த ஓய்வு நிலை. இதயத்துக்கு அது சேமிப்புக் கையிருப்பு போன்றது. படி ஏறும்போதோ பயப்படும்போதோ படுத்தவை எழுந்து வரும்.

ஸ்புடிச் 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நோய் தரும் மாற்றங்கள் பல, தலையின் ஒரு தட்டையான பரப்பில் கூட்டமாக விழுந்திருக்கின்றன. அந்தப் பரப்பு, தலை மடங்கிப் படுக்கும்போது சாய்ந்துகொள்ளும் இடமாக இருக்கலாம். பரப்பு கெட்டால் தலை படுக்காது. படுக்காத தலைகள் எல்லாம் இழுக்க வரும். தலை ஒவ்வொன்றும் சற்றுப் பலவீனமானாலும் கூட்டம் பெரிதானால் இழுப்பு கூடும்.

இதைச் சோதிக்க ஒற்றைத் தலை போதாது. இரண்டு தலையும் வாலில் ஒரு பகுதியும் வேண்டும். குழு இரண்டு வடிவங்களைச் செய்தது. ஒன்றில் தலை சாய்ந்து படுக்கப் போதுமான நீளத்துக்கு வால், மற்றதில் படுக்கவே முடியாத குட்டை வால். இயல்பான மயோசினில் நீள்வால் வடிவம் ஏ.டி.பி.யைக் குறைவாகச் செலவிட்டது. தலைகளில் ஒரு பங்கு உறங்குகிறது என்று பொருள். ஆர்403கியூவைப் புகுத்தியதும் அந்த வேறுபாடு சுருங்கியது. உறங்க வேண்டியவை விழித்திருந்தன. 2020இல் இந்த முடிவு வெளிவந்தபோது, 1990இல் தொடங்கிய கேள்விக்கு ஒரு நேரான விடை இருந்தது. துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே முடிவை மாற்றியதைக் கவனிக்க வேண்டும். குட்டை வாலை மட்டும் வைத்து இன்னும் பத்தாண்டு அளந்திருந்தாலும் இந்த விடை வந்திருக்காது.

இதற்கிடையே மருந்து ஒன்றும் வளர்ந்துவந்தது. 2012இல் ஸ்புடிச், லெயின்வாண்ட், செய்ட்மன்கள் சேர்ந்து தொடங்கிய மயோகார்டியா நிறுவனம், மயோசினின் ஏ.டி.பி. செலவை அடக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடியது. முதல் சல்லடைக்கு அவர்கள் எடுத்தது மாட்டு இதயத்தின் தசைநார்களை. மாட்டுக் கீழறையிலும் பீட்டா மயோசின்தான். அப்படிக் கிடைத்த மாவகாம்டன், நோய் மாற்றம் புகுத்திய எலிகளில் சுவர் தடிப்பைத் தடுத்தது என்று 2016இல் அறிவித்தார்கள். 251 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2020இல் வந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் கதையில் மாடும் எலியும் மனிதரும் உண்டு. ரீகாம்பினன்ட் மனித மயோசினே மருந்தைக் கண்டுபிடித்தது என்று எழுதினால் அது மிகை. ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு 2018இல் வந்த விடையில் அதன் பங்கு பெரிது. மாவகாம்டன் விழித்த தலைகளை மறுபடி மடக்கிப் படுக்க வைக்கிறது. அளவு மீறினால் தேவையான தலைகளும் படுத்துவிடும், இதயம் தளரும். எனவேதான் இதை உட்கொள்பவர்கள் குறித்த இடைவெளியில் எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம்.

நம் பக்கம் திரும்புகிறேன், காரணத்தோடு. 2009இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் செல்லியல் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும், பல நாட்டுக் கூட்டாளிகளும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மயோசின்-பிணைப்புப் புரதம் சி என்ற இன்னொரு இதயப் புரதத்தின் மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஒன்று இருக்கிறது. இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் அதைச் சுமக்கிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் அது மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்பட்டது. புள்ளிவிவரக் கணக்கில் ஏறத்தாழ ஏழு மடங்கு. இந்தப் புரதம் செய்வது என்ன? மயோசின் தலைகளைப் படுக்க வைத்துக் காவல் காப்பதில் இதற்கும் பங்கு உண்டு. மேலே சொன்ன கதையின் அடுத்த பாத்திரமே இதுதான்.

அந்த 4 விழுக்காடு என்ற எண் நம் ஊடகங்களில் பெரிய அச்சத்தைக் கிளப்பியது. பின்னர் வந்த ஆய்வுகளை அதே அளவுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது என் வருத்தம். 2018இலும் 2020இலும் வந்த ஆய்வுகள் படத்தை மாற்றின. 25 எழுத்து இழப்பைச் சுமப்பவர்களில் ஒரு சிறு பங்கினரிடம் அதே குரோமோசோமில் கூடுதலாக வேறு மாற்றமும் சேர்ந்து வருகிறது. தடிப்பு நோயின் ஆபத்தைப் பெரும்பாலும் தருவது அந்தக் கூடுதல் மாற்றமே, இழப்பு மட்டும் அல்ல என்று அவை காட்டின. அப்படிச் சேர்ந்து வருவனவற்றில் ஒன்று டி389வி. சுமப்பவர் பெரும்பாலோருக்கு இது ஆறுதலான செய்தி. மீதிச் சிலருக்கு, யாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று சொல்லும் செய்தி.

இந்த மாற்றங்கள் புரதத்தில் என்ன செய்கின்றன என்பதற்கு மரபணுக் கணக்கெடுப்பு விடை தராது. அந்தப் புரதத்தைச் செய்து, மயோசினோடு சேர்த்துப் பார்த்தாக வேண்டும். நல்லவேளையாக, மயோசின்-பிணைப்புப் புரதம் சி 11 மணிகள் கோத்த மாலைபோல அமைந்தது. டி389வி இருக்கும் முன்பகுதி மணிகள் பாக்டீரியாவிலேயே ஒழுங்காக மடிகின்றன. 25 எழுத்து இழப்பு கெடுப்பது கடைசி மணியை. தடித்த இழையில் இந்தப் புரதம் நங்கூரமிடும் இடம் அதுதான். நம் ஊர்களில் வாழும் லட்சக்கணக்கானோரின் இதயத்தைப் பற்றிய கேள்வி இது. கியூபெக்கின் ஒரு குடும்பத்துக்காக உலகம் செலவிட்ட உழைப்பும் பணமும் இதற்கும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நான் வாங்கிய அந்தக் குப்பி ரொம்ப நாள் மைனஸ் 80 டிகிரிப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தது. அக்கா அதை எறிய விடவில்லை. எதிர்ப்பொருள் சோதனைக்கு ஒருநாள் உதவும் என்றார், உதவவும் செய்தது. அதற்கடுத்த ஆண்டு, வேறோர் ஆய்வகத்திலிருந்து நண்பர்கள் வழியாக, தசைக் குழல்களில் செய்த ஒரு மாதிரி வந்தது. அதன் சீட்டில் அச்செழுத்து இல்லை. பேனாவால் நுணுக்கி எழுதியிருந்தார்கள்: எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை, எந்த இலேசுச் சங்கிலி, செத்த தலை களைந்த தேதி. உருக்கிவிட்டால் மறுபடி உறையவைக்க முடியாது, தலைகள் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பனிக்கட்டியில் இறக்கி வைத்தோம். அக்கா இருட்டறையின் விளக்கை அணைத்துவிட்டு, “ஏ.டி.பி.யை விடு” என்றார்.